காப்பித் தோட்டத்துல நாட்டு மரத்த வெட்டிட்டு சில்வர் ஓக் வைக்கலாமா?

கொடைக்கானல் மலையில தாண்டிக்குடிக்குக் கீழ ரெண்டு ஏக்கர் அரபிகா காப்பி வெச்சிருக்கற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார். தாத்தா காலத்துப் பலா, அத்தி, நாவல் எல்லாம் நிழலுக்கு நிக்குதாம், மர வியாபாரி வந்து மொத்தமா எடுத்துக்கறேன், அந்த எடத்துல சில்வர் ஓக் வெச்சு மிளகு ஏத்துங்கன்னு சொல்றாராம். கையில காசும் வரும், செய்யலாமாங்கறார்.

செய்யாதீங்க தம்பி. சில்வர் ஓக்க நான் குறை சொல்ல வரல, நேரா வளரும், கொடி நல்லா புடிச்சு ஏறும், ஏணி சாத்திப் பறிக்க வசதி, பின்னாடி தடிக்கும் வெல கெடைக்கும், அதனாலதான் ஆஸ்திரேலியா மரம் இன்னிக்கு இந்த மலை பூரா நிக்குது. ஆனா இருக்கறத எல்லாம் ஒரேயடியா சாய்ச்சிட்டு இன்னிக்கு நாத்து நட்டா அது நெழலுக்கு வர வருஷக்கணக்காகும், அதுவரைக்கும் உங்க காப்பிச்செடி பொட்ட வெயில்ல நிக்கணும்.

வெயில்ல நிக்கற அரபிகாவுக்கு மொத எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான். ஏப்ரல் மே-லயும் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் அந்த வண்டு பறக்கும், வெயில் படற தண்டா பாத்து பட்டை வெடிப்புல முட்டை வைக்கும், புழு உள்ள போய்க் கொடஞ்சிடும். இலை மஞ்சளாகி செடி வாடி நின்னா தண்டத் தடவிப் பாருங்க, பட்டைக்கடியில வரப்பு மாதிரி மேடு கைல தட்டுப்படும். அந்தச் செடி போனதுதான், புடுங்கி எரிச்சிடணும், விட்டு வெச்சா பக்கத்துச் செடிக்கும் போயிடும். மேல நல்ல நெழல் இருக்கற தோட்டத்துல இந்தத் தொல்லை கம்மி. வியாபாரி குடுக்கற காசையும் காப்பி போனா வர்ற நஷ்டத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பாருங்க.

அப்புறம் மண்ணு. அத்தி மரத்தடியில சருகத் தள்ளிட்டுக் கைய விட்டுப் பாருங்க, கருப்பா பொலபொலன்னு இருக்கும், வெயில் காலத்துலகூட ஈரம் தெரியும். சில்வர் ஓக் எல அவ்ளோ சீக்கிரம் மக்காது. இந்த ஈரம் உங்க காப்பியோட முடியறதில்ல, ஐப்பசி கார்த்திகை மழை இந்தச் சரிவுல ஊறி எறங்கித்தான் மருதாநதி அணைக்கும் ஆத்தூர் காமராஜர் அணைக்கும் போகுது, அய்யம்பாளையத்துத் தென்னையும் திண்டுக்கல் டவுன் குடிதண்ணியும் நம்பி இருக்கறது மேல நிக்கற மரத்தத்தான். இதக் கீழ இருக்கறவங்க யாரும் உங்களுக்கு எழுதிக் குடுக்கப்போறதில்ல, ஆனா நெஜம் அதுதான்.

மிளகுக்கு எதுக்கு மரத்த வெட்டணும், பலாவுலயே ஏத்துங்க, அது சொரசொரப்பான பட்டை, கொடி நல்லா புடிக்கும், மூணாவது வருஷத்துல இருந்து காய்க்க ஆரம்பிக்கும். வெத்து எடம் இருந்தா மழை தொடங்கறப்போ முள்முருங்கைக் கெளைய வெட்டி போத்தா நடுங்க, மண்ணுக்குத் தழைச்சத்து குடுக்கற மரம், அதுலயும் மிளகு ஏறும். சில்வர் ஓக் ஆசை இருந்தா எல்லை ஓரமா வெச்சுக்கோங்க. நெழல் ஜாஸ்தின்னு தோணுச்சுன்னா காப்பி பூத்து முடிஞ்சதும் மழைக்கு முன்னாடி நெழல் மரத்துக் கெளைய மட்டும் கழிச்சு விடுங்க. ஆனா யானை வர்ற பக்கமா இருந்தா பலாவ மரத்துல பழுக்க விடாதீங்க, பிஞ்சுலயே எறக்கி வித்துடுங்க. நாலு தேன் பெட்டியும் வைக்கலாம், காப்பிப்பூ முடிஞ்சாலும் நாவலும் மத்த மரங்களும் தேனீக்கு சாப்பாடு போடும்.

சட்டத்தையும் வியாபாரி சொல்லியிருக்க மாட்டார். மலைப்பகுதின்னு அறிவிச்ச ஊருக்கெல்லாம் 1955-ல வந்த மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, பட்டா நெலமா இருந்தாலும் அந்தச் சட்டத்துல சொல்லியிருக்கற கமிட்டியோட அனுமதி இல்லாம வெட்ட முடியாது, கேஸ் வந்தா வியாபாரி வண்டியோட போயிடுவார், பேரு உங்களோடதுதான் இருக்கும். வனத்துறை ரேஞ்சர் ஆபீஸ்ல உங்க சர்வே நம்பரக் குடுத்துக் கேட்டுட்டு அப்புறம் எதுவும் பேசுங்க. தாண்டிக்குடியிலயே காபி போர்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, வாடின செடி ஒண்ணும் கொஞ்சம் மண்ணும் எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க, எந்த எடத்துல நெழல் போதும் எங்க போதாதுன்னு அவங்களே வந்து பாத்துச் சொல்லுவாங்களான்னும் கேளுங்க.