தோள்கவசம் தலைக்குள் புகுவது பற்றி

உங்க 3D வீரன் கையைத் தூக்கினா தோள்கவசம் தலைக்குள்ள புகுதுன்னு கேட்டீங்க. கவசம் முழுசையும் (உருவத்தை அசைக்க உள்ள வைக்கிற) மேல்கை எலும்போட கட்டியிருக்கீங்க. அதான் கையைத் தூக்கினா தலைக்குள்ள போகுது. சைஸைக் குறைச்சாலும் இது தீராது.

பிளெண்டர்ங்கிற 3D மென்பொருள்ல, எந்தப் பகுதி எந்த எலும்போட எவ்வளவு அசையணும்னு (அதான் வெயிட்) குறிக்கிற வெயிட் பெயிண்ட் போய், மேல இருக்கிற கிண்ணத்தகட்டைக் காறை எலும்புக்கு (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவுல இருக்கிறது) மாத்துங்க. அதுக்குக் கீழ இருக்கிற பட்டைத்தகடு மூணுக்கும் மேலிருந்து கீழா மேல்கை வெயிட் 0.3, 0.6, 1.0, மீதி காறை எலும்புக்கு. ஒரு தகட்டுல இருக்கிற எல்லா வெர்டெக்ஸும் (மாடலோட மூலைப்புள்ளிகள்) ஒரே வெயிட்ல இருக்கணும், இல்லன்னா இரும்பு ரப்பராட்டம் வளையும். நிஜக் கவசத்துலயும் உள்ள தோல்வார் வச்சு ஆணி அடிச்சிருப்பாங்க, தகடு ஒண்ணுமேல ஒண்ணு சறுக்கும்.

சோதிக்க: கையை 90 டிகிரி, அப்புறம் 150 டிகிரி தூக்குங்க, மார்புக்குக் குறுக்கேயும் கொண்டு வாங்க. காதுல இடிச்சா கழுத்துப் பக்க விளிம்பை மட்டும் வெட்டுங்க. வெளிப்பக்கம் எவ்வளவு துருத்தினாலும் யாருக்கும் தொந்தரவில்ல, மிகைப்படுத்த ஆசைன்னா அங்க வச்சுக்கோங்க.

"நிஜமா செஞ்சா மொக்கையா தெரியுது"ன்னீங்களே, அது உயரத்துல இருந்து பார்க்கிற கேமராவால. 1-2 மி.மீ. தகடு மேலிருந்து பார்த்தா தெரியவே தெரியாது. விளிம்பை மட்டும் 8 மி.மீ. உருட்டுங்க, நிஜத்துலயும் விளிம்பை உருட்டுவாங்க, அதனால பொய்யா தெரியாது. தோல்வாருக்கு ஆம்பூர் ஷூத்தோல் போட்டோவை டெக்ஸ்சரா (மேற்பரப்புப் படமா) போடாதீங்க, ஷூவோட மேல்பகுதித் தோல் மெலிசு, பெரும்பாலும் 1.5 மி.மீ.க்குள்ளதான். வாருக்கு அதைவிடத் தடிமனான தோல் வேணும்.

ஒண்ணு: வேலூர்க் கோட்டைக் கல்யாண மண்டபத் தூண் குதிரைவீரன்தான் மாதிரின்னு சொன்னீங்க. விஜயநகரக் காலம்னா இரும்புத் தகட்டுக் கவசத்தைவிடப் பஞ்சு திணிச்சுத் தைச்ச அங்கிதான் அதிகம் பொருந்தும். துணிக்கு இந்த ஒரே-வெயிட் கணக்கு ஆகாது, படிப்படியா கலக்கணும்.