பூசைக்குப் போவது போதாதா?

கேள்வி: கலியாணம் முடித்து மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம் வந்தேன். ஞாயிறு பூசைக்கு நேரம் சரிவரும் கத்தோலிக்கக் கோவிலுக்குப் போகிறோம். எங்கள் பகுதிக் கோவிலின் பங்கில் பதியவேண்டும், அயல் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று மாமி நிற்கிறார். கும்பிட இதெல்லாம் தேவையா? ஆட்கள் ஏன் ஒரே பங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?
– வாசகி, கொழும்புத்துறை

பதில்: கும்பிடத் தேவையில்லை. எந்தக் கோவிலில் பூசை கண்டாலும் ஞாயிறு கடன் தீரும். திருச்சபைச் சட்டப்படி, 3 மாதம் குடியிருந்தாலே அந்த எல்லைக்குரிய பங்கு உங்கள் பங்குதான். ஆனால் அந்தப் பங்குக்கு உங்களைத் தெரியவேண்டுமே!

ஒரு செத்தவீட்டைப் பாருங்கள். துக்கமணி கேட்டதும் அன்பியத்து ஆட்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் பங்குத்தந்தையான சுவாமியிடம் அடக்கப் பூசைக்கு நேரம் எடுப்பார். இன்னொருவர் சேமக்காலையில் குழி வெட்ட ஆள் பிடிப்பார். பக்கத்து வீட்டிலிருந்து தேத்தண்ணி வரும், பின்னேரம் செபமாலைக்கு ஆட்கள் சேருவார்கள். பதியாத வீடென்றால் “எந்தப் பங்கு?” என்ற கேள்வியில்தான் எல்லாம் தொடங்கும்.

பிரசங்கம் நல்லதென்று நிலைத்தவர்களைவிட, கையில் ஒரு வேலை கிடைத்து நிலைத்தவர்களே அதிகம் என்பது எங்கள் எண்ணம். பாடகர் குழாம், மரியாயின் சேனை என்ற பக்திச் சபை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் டி போல் சபை எல்லாம் அப்படித்தான். திருநாளுக்கு முந்திய ஒன்பது நாள் வழிபாடான நவநாட்களை அன்பியங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது வாசகம், மன்றாட்டு, பூச்சோடனை எல்லாம் அந்தந்த அன்பியத்தின் பொறுப்பு. அன்று வாசகம் வாசித்த பிள்ளைக்குப் பிறகு அது ‘எங்கட கோவில்’.

பதியப் போகும்போது ஞானஸ்நான, திருமணச் சான்றிதழ்களின் பிரதிகளும் மன்னார்ப் பங்குத்தந்தையின் கடிதமும் கையில் இருக்கட்டும். பூசை முடிந்த கையோடு சுவாமியைப் பிடிக்காதீர்கள், அவர் அடுத்த பூசைக்கு ஓடுவார்; கிழமை நாளில் போங்கள். உங்கள் ஒழுங்கை எந்த அன்பியத்துக்குரியது என்றும் கேளுங்கள். ஞானஸ்நானம் பெற்ற கோவிலின் பதிவேட்டில் உங்கள் கலியாணம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். கலியாணம் வேறு பங்கில் நடந்திருந்தால் அந்த அறிவித்தல் போய்ச் சேராமல் விடுபடுவதுண்டு. ஒருமுறை விசாரியுங்கள்.

பழைய குடும்பங்களின் பிடியும் சாதிப் பார்வையும் சில இடங்களில் இன்னும் முற்றாக ஒழியவில்லை. அங்கே புதியவர்கள் ஒதுங்கினால் பிழை அவர்களில் இல்லை.

கேள்வி: 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் காலூன்றிய காலந்தொட்டு நாங்கள் ஒரே சபை, இப்போது தென்னிந்தியத் திருச்சபை. மகன் எந்தத் திருச்சபையோடும் சேராத சுயாதீன சபையொன்றுக்குப் போகிறான். தடுக்கலாமா?
– வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: தடுத்தால் கட்டாயம் போவான். பரம்பரை உங்களுக்குப் பெரிது, அவன் வயதில் அது எடுபடாது. அங்கே கிற்றார் வாசிக்க விடுகிறார்களா, வராத கிழமை போன் எடுத்து விசாரிக்கிறார்களா என்று கேளுங்கள். ஓய்வுநாட் பாடசாலை முடித்தபின் உங்கள் சபை அவனிடம் என்ன பொறுப்புக் கொடுத்தது என்று போதகரிடமும் கேளுங்கள்.