நண்பர் வீட்டில் தங்கினால் போலீஸ் பதிவு வேண்டுமா? – பதில்

சீனாவின் குவாங்சோ நகரில் நண்பரின் வாடகை வீட்டில் ஐந்து நாளாகத் தங்கியிருப்பதாகவும், போலீசில் பதியவில்லை என்றும், யாரும் கேட்க மாட்டார்கள், எச்சரிக்கையோடு விட்டார்கள், அபராதம் கட்டினேன் என்று ஆளுக்கொன்று சொல்வதால் குழம்பியிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள்.

"யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொன்னவரின் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சீனாவின் குடிவரவு, குடியகல்வு நிர்வாகச் சட்டம், பிரிவு 39-ஐப் பாருங்கள். வெளிநாட்டவர் ஓட்டலில் தங்கினால் பதிவை ஓட்டலே பார்த்துக்கொள்ளும். வேறு எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் நீங்களோ உங்களைத் தங்கவைத்தவரோ அந்த வட்டாரக் காவல் துறையிடம் பதிய வேண்டும். தவறினால் பிரிவு 76-இன்படி எச்சரிக்கை உண்டு. கூடவே 2000 யுவான் வரை அபராதமும் விதிக்கலாம். அபராதம் போடுவதும் விடுவதும் அதிகாரியின் கையில் இருக்கிறது. அதனால்தான் ஒருவர் வெறும் எச்சரிக்கையோடு திரும்புகிறார், இன்னொருவர் பணம் கட்டுகிறார். அந்த இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்.

இன்றே காவல் நிலையத்துக்குப் போங்கள். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், நண்பரின் அடையாள அட்டை ஆகியவற்றுடன் முடிந்தால் நண்பரையும் அழைத்துச் செல்லுங்கள். தாமதத்தை மறைக்க வந்த தேதியை மாற்றிச் சொல்ல வேண்டாம். பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்கிறது! அங்கே தரும் பதிவுச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், விசா நீட்டிப்புக்குக் கேட்பார்கள்.

சட்டத்தை நீங்களே படிக்க, சீன நாடாளுமன்றமான தேசிய மக்கள் காங்கிரசின் சட்டத் தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது. சீன மொழியில் உள்ள மூலப் பிரதிதான் செல்லுபடியாகும். ஆங்கில மொழிபெயர்ப்பு ஒத்துப்பார்க்க மட்டுமே. வெளிநாட்டவர் வருகை பற்றிய பழைய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தை யாராவது காட்டினால் ஒதுக்கிவிடுங்கள், அது 2013 ஜூலை 1-இல் நீக்கப்பட்டுவிட்டது. சந்தேகம் இருந்தால் 12367-ஐ அழையுங்கள். குடிவரவுத் துறையின் எண் அது, ஆங்கிலத்திலும் பதில் சொல்வார்கள்.