லேசாகத் திருப்பினால் லாரி பள்ளத்தில்!
வாசகர் கேள்வி-பதில்: கேம் ஸ்டீயரிங்

கேள்வி: புது ஸ்டீயரிங் வீலை கம்ப்யூட்டரில் இணைத்து லாரி கேம் ஆடுகிறேன். கொஞ்சம் திருப்பினாலே லாரி சாலையை விட்டு இறங்கிவிடுகிறது. வீலில் கோளாறா?

பதில்: வீலில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் டிகிரி கணக்குதான் இடிக்கும். லாஜிடெக் ஜி29 போன்ற வீல்கள் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று திரும்பும். கம்ப்யூட்டரில் நிறுவும் வீலின் மென்பொருளில் 270 என்று இருந்தால், சின்ன அசைவையும் கேம் பெரிய திருப்பமாக எடுத்துக்கொள்ளும்.

கேமை மூடுங்கள். பவர் அடாப்டரை மாட்டி, யுஎஸ்பி வயரை ஹப் வழியாக இல்லாமல் நேராக கம்ப்யூட்டரில் செருகுங்கள். வீல் இரண்டு பக்கமும் தானே சுற்றி நடுவில் வந்து நிற்கும். அதுவரை அதைத் தொடக் கூடாது. பிடித்துவிட்டால் நடுப்புள்ளி தவறாகப் பதிந்து, நேர்ச்சாலையிலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிறகு மென்பொருளில் 900 வையுங்கள். கேமுக்குள் டெட்ஸோன் (சின்ன அசைவைக் கேம் கண்டுகொள்ளாத அளவு), நான்-லீனியாரிட்டி (நடுவில் மந்தமாகவும் ஓரத்தில் வேகமாகவும் திரும்பச் செய்யும் அமைப்பு) இரண்டையும் பூஜ்யமாக்குங்கள். சென்சிட்டிவிட்டியை (அசைவுக்கு வண்டி எவ்வளவு திரும்பும் என்ற அளவு) மட்டும் ஓட்டிப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். ஃபார்முலா கார் என்றால் 360 டிகிரி போதும். காருக்கேற்ப டிகிரியைத் தானே மாற்றிக்கொள்ளும் கேம்களும் உண்டு. அவற்றுக்கும் மென்பொருளில் 900 இருக்கட்டும்.

கேள்வி: பெடலைத் தொடாமலே வண்டி நகர்கிறது. பிரேக்கும் முழுதாகப் பிடிப்பதில்லை.

பதில்: கேம் திறந்ததும் மூன்று பெடல்களையும் ஒருமுறை அடிவரை மிதித்து விடுங்கள். முதல் மிதி வரும்வரை சில கேம்கள் பெடல் பாதி அழுந்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால், கேமின் கன்ட்ரோல் பக்கத்தில் பெடலின் அழுத்தத்தைக் காட்டும் பட்டையைப் பாருங்கள். காலை எடுத்ததும் பட்டை நிறைந்தால் கேம் பெடலைத் தலைகீழாகக் கணக்கிடுகிறது. இன்வெர்ட் டிக்கை மாற்றுங்கள். ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஒரே பட்டையை அசைத்தால், மென்பொருளில் 'கம்பைண்டு பெடல்' வசதியை அணைத்துவிடுங்கள். அது இருக்கும்வரை இரண்டையும் சேர்த்து மிதித்தால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்.

ஜி29-இன் பிரேக்குக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. கடைசிப் பகுதி விறைப்பாக இருப்பது அதனால்தான். பலர் அதைப் பிடுங்கிவிடுகிறார்கள், வேண்டாம். பிரேக்கில் பிடிமானம் தெரிவதே அந்த ரப்பரால்தான். கால் வலிக்காமல் எவ்வளவு அழுத்த முடியுமோ, அந்த அளவில் பட்டை நிறையும்படி கேமில் பிரேக் சென்சிட்டிவிட்டியைக் கூட்டினால் போதும்.

கேள்வி: ஃபோர்ஸ் ஃபீட்பேக்கை (சாலையின் அதிர்வை மோட்டாரால் வீலில் காட்டும் வசதி) 100-இல் வைத்தும் சாலையின் மேடுபள்ளம் கையில் தெரியவில்லையே?

பதில்: 100-இல் வைத்ததால்தான் தெரியவில்லை! வளைவில் மோட்டார் ஏற்கெனவே முழு பலத்தில் இழுக்கிறது. மேடு வரும்போது அதைக் காட்ட மிச்ச பலம் இல்லை. கேமில் 60-இலிருந்து தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். நீண்ட வளைவில் வீல் கல்லாக இறுகி, அதிர்வே இல்லாமல் போனால் ஒரு படி இறக்குங்கள். வீலை எப்போதும் நடுவுக்கு இழுக்கும் சென்டரிங் ஸ்பிரிங் வசதியையும் மென்பொருளில் அணையுங்கள். டயர் சறுக்குவதை மறைப்பதே அதுதான். நேர்ச்சாலையில் கையை விட்டதும் வீல் இடம் வலமாக ஆடினால் பலம் இன்னும் தேவைக்கு அதிகமாக இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: மேஜைப் பிடியை ஸ்பேனரால் இறுக்கலாமா?

பதில்: கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விடும். கையால் இறுக்குங்கள். பெடல் நகர்ந்தால் அதன் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி வையுங்கள்.