லேப்டாப்பில் லாக்-அவுட் மட்டும் செய்துவிடாதீர்கள்

கேள்வி: பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். லாகின் செய்யும்போது கேட்கிற எண்ணைத் தரும் ஆதென்டிகேட்டர் ஆப் அதில்தான் இருந்தது. புதுப் போனில் மாஸ்டடான் ஆறு இலக்க எண் கேட்கிறது. லேப்டாப்பில் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. 3,000 ரூபாய் கொடுத்தால் மீட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். மாஸ்டடான் பல தனித்தனி சர்வர்களில் இயங்கும் சமூக வலைதளம்; எல்லாக் கணக்குகளையும் ஆளும் தலைமை அலுவலகம் என்று எதுவும் இல்லை. உங்களையும் உங்கள் கணக்கு இருக்கும் சர்வரின் நிர்வாகத்தையும் தவிர வேறு யாராலும் அந்தப் பூட்டை நீக்க முடியாது; நிர்வாகியும் காசு கேட்க மாட்டார். "கணக்கு போச்சு" என்று பதிவு போட்ட ஐந்தாவது நிமிடம் வந்து நிற்கிற 'ரெக்கவரி எக்ஸ்பர்ட்' எல்லாம் உங்கள் பாஸ்வேர்டுக்கு வலை வீசுகிறவர்கள்தான்.

கூகுள் ஆதென்டிகேட்டர் என்றால், அதே கூகுள் கணக்கோடு புதுப் போனில் நிறுவிப் பாருங்கள். சிங்க் (கூகுள் கணக்கில் சேமிக்கும் வசதி) வைத்திருந்தால் எண்கள் தானே வந்துவிடும்.

வரவில்லையா, லேப்டாப்புக்கு வாருங்கள். மாஸ்டடான் கணக்கு அமைப்புகளில், ஆறு இலக்க எண் கேட்க வைக்கும் இரண்டு-படி சரிபார்ப்புப் பக்கத்தைத் திறங்கள். அங்கே பாஸ்வேர்டைத்தான் கேட்கும், ஆறு இலக்க எண்ணை அல்ல. சரிபார்ப்பை அணைத்துவிட்டு, புதுப் போனால் கியூஆரை ஸ்கேன் செய்து மறுபடி இயக்குங்கள்.

பாஸ்வேர்டு மறந்திருந்தால் மட்டும் கவனம். கை தானாக 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' இணைப்புக்குப் போகும், போகவிடாதீர்கள். மின்னஞ்சல் வழியாக ரீசெட் செய்த நொடியே திறந்திருக்கும் எல்லா இடத்திலும் கணக்கு மூடிக்கொள்ளும், லேப்டாப்பும் சேர்த்து. அடுத்து அதே ஆறு இலக்க எண்ணைக் கேட்கும். இருந்த ஒரே கதவும் போய்விடும். முதலில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால், பதிவு செய்த மின்னஞ்சலிலிருந்தே நிர்வாகிக்கு எழுதுங்கள். முகவரி சர்வரின் அறிமுகப் பக்கத்தில் இருக்கும். ஆதார் படமெல்லாம் அனுப்ப வேண்டாம்.

மறுபடி இயக்கியதும் பத்து மீட்புக் குறியீடுகள் வரும். போன் கையில் இல்லாதபோது ஆறு இலக்க எண்ணுக்குப் பதிலாக இவற்றைக் கொடுக்கலாம், ஒவ்வொன்றும் ஒருமுறைக்குத்தான். எழுதி வைத்தீர்களா என்றுகூடக் கேட்காமல் அடுத்த பக்கத்துக்கு விட்டுவிடுகிறார்கள். இத்தனை பேர் வெளியே நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். தாளில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். கியூஆரை மொபைல் கடைக்காரரிடம் காட்டவே கூடாது. அதைப் படம் பிடித்தவருக்கும் உங்களுக்கு வருகிற அதே எண் 30 விநாடிக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும்.

அதே கணக்கு அமைப்புகளில், அனுமதித்த ஆப்கள் பட்டியலில் பழைய போனின் மாஸ்டடான் ஆப்பை நீக்குங்கள். பிரைவேட் விண்டோவில் ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகு லேப்டாப்பை மூடலாம்.