கனடாப் பள்ளிகளில் பூர்வகுடி வரலாறும் மொழியும்: தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

கேள்வி: ஸ்காபரோவில் இருக்கிறோம். மகன் நாலாம் வகுப்பு. பூர்வகுடிகளின் வரலாறு, அவர்களுடைய மொழி, செம்மஞ்சள் சட்டை என்று பள்ளியில் அடிக்கடி ஏதாவது நடக்கிறது. மூத்தவளுக்கு 11ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தையே மாற்றிவிட்டார்கள். நாங்கள் அகதிகளாக வந்த ஆக்கள். இதில் எங்களுக்கு என்ன? வீட்டில் நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?

பதில்:

11ஆம் வகுப்பு ஆங்கிலத்தை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்ப் பெற்றோருக்கு நித்திரை கெடுவது பெரும்பாலும் அதிலேதான். ரொறன்ரோ மாவட்டக் கல்விச்சபை 2023இல் ஒரு முடிவெடுத்தது: கனடாவின் மூன்று பூர்வகுடிப் பிரிவினரான முதற்குடியினர், மெட்டிஸ், இனுயிட் எழுத்தாளர்களின் படைப்புகளைப் படிக்கும் பாடமே இனி 11ஆம் வகுப்பின் கட்டாய ஆங்கிலப் பாடம் என்று. குறியீடு என்பிஈ3யூ. கடைசியில் வரும் அந்த 'யூ', பல்கலைக்கழகம் போகிறவர்களுக்கான தரம் என்பதைக் காட்டுகிறது. கல்விச்சபை தன்பாட்டில் உருவாக்கிய பாடமும் அல்ல. மாகாணப் பாடத்திட்டத்தில் உள்ளது, ஆங்கிலக் கிரெடிட்டாகவே கணக்கில் வரும். கட்டுரை எழுதுவது, வாதத்தைக் கட்டுவது, ஆதாரம் காட்டுவது எல்லாம் அப்படியே இருக்கிறது. வாசிக்கும் புத்தகங்கள்தான் வேறு. பல்கலைக்கழக அனுமதிக்கு முக்கியமாய்ப் பார்ப்பது 12ஆம் வகுப்பு ஆங்கிலப் புள்ளியை. ஒரு பெற்றோர் கூட்டத்தில் "ஷேக்ஸ்பியர் இல்லாமல் என்ன இங்கிலீசு?" என்று ஒரு தகப்பன் எழும்பி நின்று கேட்டார். மற்ற வருடங்களில் ஷேக்ஸ்பியரைப் படிக்கலாம், அண்ணை.

இனி 'எங்களுக்கு என்ன' என்ற கேள்வி. இதைக் கேட்கும்போது எங்கள் ஆக்கள் இரண்டு விதமாய்க் கதைப்பார்கள். ஒன்று, "அது வெள்ளைக்காரனுக்கும் அவைக்கும் இடையிலான பிரச்சினை." மற்றது, "எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது, எங்களுக்கு நல்லாய் விளங்கும்." இரண்டாவது கேட்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைகளோடு கதைக்கும்போது அங்கேயே நின்றுவிடுவதை நான் விரும்புவதில்லை. காரணம் காணி.

காணி என்றால் எங்களுக்கு உடனே விளங்கும். ரொறன்ரோ நகரத்தின் பெரும்பகுதி மிசிசாகா என்ற முதற்குடி மக்களிடம் 'வாங்கியது' என்று சொல்லப்படும் நிலம். 1787இல் எழுதப்பட்டதாகச் சொன்ன உறுதியைப் பின்னர் எடுத்துப் பார்த்தபோது அது வெறும் தாள். நில விபரம் எதுவும் இல்லை. மூன்று தலைவர்களின் அடையாளக் குறிகள் தனித்தனித் துண்டுகளில் இருந்தன, அவற்றை அந்தத் தாளோடு ஒட்டியிருந்தார்கள். யாழ்ப்பாணத்து நொத்தாரிசு ஒருவர் இதைக் கண்டால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை பார்ப்பார். 1805இல் அதை 'உறுதிப்படுத்த' 10 ஷில்லிங் கொடுத்தார்கள். 2010இல்தான் கனடிய அரசு 14.5 கோடி டொலர் கொடுத்து அந்தக் கோரிக்கையைத் தீர்த்தது. உங்கள் ஸ்காபரோப் பக்கம் 1923இன் வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்குள் வரும். அதில் கையெழுத்திட்ட ஏழு முதற்குடிகளின் வேட்டை, மீன்பிடி உரிமைகள் பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்டன. அந்த வழக்கு 2018இல்தான் தீர்ந்தது. 111 கோடி டொலரும், அரசின் மன்னிப்பும்.

நாங்கள் வீடு வாங்கியதும் அடைமானம் கட்டுவதும் இந்த நிலத்தில்தான். யாருடைய காணியையும் நாங்கள் பறிக்கவில்லை என்பது உண்மை. பறித்ததன் பயன் எங்களுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்துக் கதைக்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். தடுமாறுவது நாங்கள்தான்.

சட்டத்திலும் இது இருக்கிறது. 2021 ஜூனுக்குப் பிறகு குடியுரிமை எடுத்தவர்கள் தங்கள் வாயாலேயே சொல்லியிருப்பார்கள்: முதற்குடியினர், இனுயிட், மெட்டிஸ் மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்கும் அரசியலமைப்பு உள்ளிட்ட கனடியச் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளை விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் வைத்த 94 கோரிக்கைகளில் கடைசியானது அந்தச் சத்தியப்பிரமாண மாற்றம். அதற்கு முந்தினது, புதிதாய் வருபவர்களுக்குக் கொடுக்கும் தகவல்களில் இந்த வரலாற்றைச் சேர்க்கச் சொன்னது. 62ஆவது கோரிக்கை, பாலர் வகுப்பிலிருந்து 12 வரை வயதுக்கேற்றபடி இதைப் பள்ளியில் படிப்பிக்கச் சொன்னது. உங்கள் மகன் கொண்டுவரும் தாள்களுக்குப் பின்னால் இருப்பது அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழினப்படுகொலை அறிவூட்டல் வாரம் என்று ஒன்றை ஒன்ராறியோ சட்டமன்றத்தில் 2021இல் சட்டமாக்கக் கேட்டு நின்ற சமூகம் நாங்கள். எங்கள் கதை மற்றவர்களின் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்று கேட்டோம். மற்றவர்களின் கதைக்கு வரும்போது "கணக்குப் பாட நேரம் வீணாகிறது" என்று சொல்ல எப்படி வாய் வரும்?

சின்னப் பிள்ளைகள் பயப்படுவார்களா என்று பல அம்மாமார் கேட்கிறார்கள். கீழ்வகுப்புகளில் பெரும்பாலும் சொல்வது பிலிஸ் வெப்ஸ்டாட்டின் கதை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1973இல் ஆறு வயதுப் பிள்ளை. பள்ளிக்குப் போவதற்காக அம்மம்மா வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு வதிவிடப் பாடசாலைக்குப் போகிறாள். முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிடுகிறார்கள். அவ்வளவுதான் கதை. செப்டம்பர் 30இல் எல்லாரும் செம்மஞ்சள் போடுவது இதனால்தான், 2013இல் தொடங்கியது. என் மகள் இதைக் கேட்டுவிட்டு வந்து, சோபாவில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்த அம்மம்மாவுக்குச் சொன்னாள். அம்மா கையில் இருந்ததை மடியில் வைத்துவிட்டு, "பிறகு அந்தச் சட்டையைத் திருப்பிக் குடுக்கவே இல்லையோ?" என்று கேட்டார். "இல்லை." "அம்மம்மாக்காரி என்ன செய்தவ?" மகளுக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு படுக்கப் போகுமட்டும் இரண்டு பேரும் அதையே கதைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் 'சிவப்பிந்தியர்' என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். பேத்தி திருத்தினாள், அவரும் விட்டுவிட்டார்.

மற்ற விபரங்கள் வயது ஏற ஏற வரும். 130க்கு மேற்பட்ட பாடசாலைகள், ஏறக்குறைய 150,000 பிள்ளைகள். 1920இல் சட்டத்தைத் திருத்தி, அனுப்பியே ஆகவேண்டும் என்று ஆக்கினார்கள். தங்கள் மொழியில் கதைத்தால் அடி. வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளைக்கும் பாட்டிக்கும் இடையில் கதைக்க ஒரு மொழி இல்லாமற் போனது. கடைசிப் பாடசாலைகள் 1990களின் பின்பகுதியில்தான் மூடப்பட்டன. உங்களில் சிலர் அப்போதே இங்கே வந்துவிட்டீர்கள்.

மொழிப் பாடம் பற்றி. ஒன்ராறியோப் பாடத்திட்டத்தில் ஏழு பூர்வகுடி மொழிகளுக்கு இடம் உண்டு: ஒஜிப்வே, கிறீ, ஒஜி-கிறீ, மொகோக், ஒனைடா, கயூகா, டெலவெயர். எல்லாப் பள்ளியிலும் கிடைக்காது. ஆசிரியர் கிடைப்பதே பெரும்பாடு. 2021 குடிசனக் கணக்கெடுப்பின்படி, கனடா முழுவதிலும் ஏதாவதொரு பூர்வகுடி மொழியில் உரையாடக் கூடியவர்கள் 237,420 பேர். 70க்கு மேற்பட்ட மொழிகளுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

உங்கள் மகனுக்குப் பள்ளியில் ஒஜிப்வே கிடைத்தால் விடாதீர்கள். தமிழ்ப் பிள்ளைக்கு அதில் ஒரு வசதி இருக்கிறது. ஒஜிப்வேயில் பெயர்ச்சொற்கள் ஆண், பெண் என்று பிரிவதில்லை; உயிருள்ளவை, உயிரற்றவை என்று இரண்டு வகுப்பு, அதற்கேற்ப வினைச்சொல் மாறும். உயர்திணை, அஃறிணை என்று சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் மண்டையை உடைத்த பிள்ளைக்கு இது புதுசே இல்லை. ஆனால் எது எந்த வகுப்புக்குள் வரும் என்பதில் ஆச்சரியங்கள் உண்டு: கல் உயிருள்ள பக்கத்தில் நிற்கும். நாம், நாங்கள் என்ற வித்தியாசமும் அங்கே இருக்கிறது. ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு ஆசிரியர் இதைப் படம் கீறி விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் பிள்ளைக்கு அது வீட்டில் கேட்டுப் பழகியது.

ஆனால் வாரத்தில் ஓரிரு பாடவேளை படித்து யாரும் ஒரு மொழியைப் பேசத் தொடங்கமாட்டார்கள். அவர்களுக்கு இது எங்களைவிட நல்லாய்த் தெரியும். பிரான்ட்போர்ட்டுக்குப் பக்கத்தில் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிகளின் இடத்தில் 1999இல் மொகோக் மொழிக்கு ஒரு திட்டம் தொடங்கினார்கள்: படிக்க வருபவர்கள் பிள்ளைகள் அல்ல, வளர்ந்தவர்கள். இரண்டு வருடம், முழுநேரம். தாய் தகப்பன் கதைத்தால்தான் பிள்ளை கதைக்கும் என்பதை அடிப்படையாய் வைத்த திட்டம். அங்கே படித்தவர்களில் பலர் இன்று மொழி ஆசிரியர்கள். நாங்கள் பிள்ளையைச் சனிக்கிழமை வகுப்பில் இறக்கிவிட்டு, காருக்குள் இருந்து ஆங்கிலத்தில் போன் கதைக்கிற ஆக்கள். உண்மையில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்பேன்.

ரொறன்ரோவிலேயே வாண்டரிங் ஸ்பிரிட் பள்ளி இருக்கிறது. 1976இல் போலின் ஷர்ட், வேர்ன் ஹார்பர் என்ற தம்பதி தொடங்கியது. பொதுப்பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுத் தாங்களே இறங்கினார்கள். இப்போது கல்விச்சபைக்குக் கீழே இயங்குகிறது. கிறீயும் ஒஜிப்வேயும் அங்கே படிப்பிக்கிறார்கள்.

பள்ளிகள் எல்லாம் இதைச் சரியாகச் செய்கின்றன என்று நான் சொல்லவரவில்லை. ஒரு பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டு கடதாசியில் இறகுக் கிரீடம் செய்வித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இறகுக் கிரீடம் ஒருவர் தன் மக்களிடம் சம்பாதிக்கும் மரியாதை. கைப்பணி வகுப்புக்கு உரியதல்ல. அப்படி ஏதும் வந்தால், "இதை எந்த மக்களிடமிருந்து எடுத்தீர்கள், அவர்களில் யாரையாவது கேட்டீர்களா?" என்று ஆசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். நான் போட்டேன். அடுத்த முறை ஒரு ஒஜிப்வே மூதாட்டியை அழைத்துக் கதை சொல்ல வைத்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது என்று கேட்டால், கிழமைக்கு ஒரு பாடம் என்றெல்லாம் திட்டம் போடாதீர்கள். இரண்டு இடத்துக்குக் குடும்பமாய்ப் போய் வாருங்கள். ஒன்று பிரான்ட்போர்ட்டில் உள்ள மொகோக் இன்ஸ்டிடியூட் கட்டடம். 1970 வரை வதிவிடப் பாடசாலையாக இருந்தது. ஓட்ஸ் கஞ்சியையே திரும்பத் திரும்பக் கொடுத்ததால் பிள்ளைகள் அதற்குக் 'கஞ்சிப் பொந்து' என்று பட்டம் வைத்திருந்தார்கள். பின்பக்கச் செங்கல் சுவரில் பிள்ளைகள் கீறிய பெயர்கள் இப்போதும் இருக்கின்றன. சின்னக் கைக்கு எட்டும் உயரத்தில். பத்து வயதுக்குக் கீழே என்றால் உள்ளே கூட்டிப்போவதற்கு முன் நீங்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிடுவது நல்லது.

மற்றது பவ்வாவ், பூர்வகுடிகளின் ஆட்டமும் பாட்டும் கூடிய ஒன்றுகூடல். கிறெடிற் மிசிசாகா முதற்குடியினர் ஹேகர்ஸ்வில் பக்கம் ஓகஸ்ட் கடைசியில் நடத்துவதற்கு யாரும் போகலாம். நடனக்காரர் உள்ளே வரும் ஊர்வலத்துக்கு எழும்பி நிற்க வேண்டும், தொப்பியைக் கழற்ற வேண்டும். அவர்கள் உடுத்தியிருப்பதைத் தொடாதீர்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள். கழுகு இறகு ஒன்று நிலத்தில் விழுந்தால் எல்லாக் கமராவும் உள்ளே போக வேண்டும், அறிவிப்பாளர் சொல்லுவார். "எல்லாரும் வாருங்கள்" என்று அவர் கூப்பிடும் ஆட்டம் சில வரும், அப்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இறங்கலாம். மைதானத்தைச் சுற்றிப் போர்வை விரித்த கதிரைகள் வெறுமையாய்க் கிடக்கும். அவை நடனக்காரரின் குடும்பங்களுக்கு, அதில் போய் இருந்துவிடாதீர்கள். மடக்குக் கதிரை நீங்களே கொண்டு போங்கள். பொரித்த ரொட்டிக்கு வரிசை நீளமாய் இருக்கும், கையில் காசாகவும் கொஞ்சம் வைத்திருங்கள்.