எம்.ஆர்.ஐ. மருந்து ஆராய்ச்சியும் ஸ்கேன் சென்டர் வேலையும் ஒன்றல்ல

அம்மா, வணக்கம். பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், எம்.ஆர்.ஐ. கான்ட்ராஸ்ட் மருந்து ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். அதற்கு ரேடியாலஜி டெக்னீஷியன் படிப்பிலேயே சேர்த்திருக்கலாமே என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு தொழில். டெக்னீஷியன் ஸ்கேன் எடுப்பவர். மகள் சொல்வது, ஸ்கேனின்போது சிலருக்கு ஊசியில் ஏற்றுகிறார்களே, அந்த மருந்தை உருவாக்கும் வேலை. அது முழுக்க வேதியியல். சரியான படிப்பில்தான் இருக்கிறாள்.

அந்த மருந்துகளில் பெரும்பாலும் இருப்பது கடோலினியம் என்ற உலோகம். அதன் அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 7; அருகில் வரும் நீரின் சிக்னலை மாற்றி, படத்தில் அந்த இடத்தை வெளிச்சமாக்கும். ஆனால் தனியாக உடம்புக்குள் விட்டால் நஞ்சு. அதனால் ஒரு கரிம மூலக்கூறுக்குள் இறுக்கிப் பூட்டித்தான் கொடுப்பார்கள்.

வழக்கமான மருந்து எங்கே போனாலும் ஒரே வேலையைத்தான் செய்யும். மகளை ஈர்த்திருப்பது, உடம்புக்குள் நடப்பதைப் பொறுத்து மாறும் வகை. கலிபோர்னியாவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் தாமஸ் மீட் குழு 1997-ல் கடோலினியத்தின் மேல் ஒரு சர்க்கரை மூலக்கூறை மூடியாக வைத்தது. நீர் சரியாக நெருங்க முடியாது. பீட்டா கேலக்டோசிடேஸ் என்ற நொதி சர்க்கரையை வெட்டிவிட்டால் நீர் நெருங்கும், சிக்னல் கூடும். 2000-ல் தவளைக் கருக்களிலேயே இதைக் காட்டினார்கள். அப்புறம் கால்சியத்துக்கு, துத்தநாகத்துக்கு, அமிலத்தன்மைக்கு ஏற்ப சிக்னல் மாறும் மருந்துகள் என்று பல வந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் இந்த வகை மருத்துவமனைகளில் வழக்கத்துக்கு வரவில்லை. ஓரிடம் பளிச்சென்று தெரிந்தால், மூடி திறந்ததாலா, மருந்து அங்கே அதிகம் சேர்ந்ததாலா என்று படத்தை வைத்துப் பிரிப்பது கடினம். போதாக்குறைக்கு, சிறுநீரகம் பழுதானவர்களுக்குத் தோல் இறுகும் ஒரு நோய் வருவதற்கும் கடோலினியத்துக்கும் உள்ள தொடர்பு 2006-ல் வெளிவந்தது.

அதனால் இந்த ஒரு தலைப்பை நம்பி இறங்க வேண்டாம் என்பேன். உலோகத்தைப் பூட்டும் மூலக்கூறு செய்யும் கைத்திறனை நம்பி இறங்கலாம். சில எம்.ஆர்.ஐ. மருந்துகளில் கடோலினியத்தைப் பூட்டும் டோட்டா என்ற மூலக்கூறுக் கூடுதான், புற்றுநோய்க்கான லூட்டீஷியம்-177 என்ற கதிரியக்க உலோக மருந்திலும் இருக்கிறது.

வழி நீளமானது, மறைக்கவில்லை. ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி. போன்ற இடத்தில் எம்.எஸ்சி., பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி பிஎச்.டி. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. நிலையான வேலை கிடைக்க வயது முப்பதை ஒட்டிவிடும். (கல்யாணப் பேச்சை எப்போது எடுப்பது என்று என்னிடம் கேட்காதீர்கள், அது என் துறை இல்லை.)

முதலில், இந்திய அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பார்க்கட்டும். இந்த வேலையில் பாதி நாள், செய்த பொருளைச் சுத்தப்படுத்துவதிலேயே போகும். அது சலித்துப்போனால் எம்.எஸ்சி.யோடு நிறுத்திக்கொண்டு, மருந்து நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளில் முயலலாம்.